மதிப்பெண்ணுக்குள் ஒரு வீடு இருக்கிறது: தேர்வு வாரியங்களுக்கும் சேர்க்கைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

தேர்வு வாரியங்களின் பொறுப்பாளர்களுக்கும், மதிப்பெண்ணைப் பார்த்து மாணவரைச் சேர்க்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நான் நுழைவுத் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். பதினேழு வருடமாக இதே வேலை. பகலில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறேன், வாரத்தில் மூன்று மாலை காசு வாங்காமல். பகல் வகுப்புக்கு வருகிறவர்கள் பயிற்சிக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள். மாலையில் வருகிறவர்கள் அது முடியாத வீட்டுப் பிள்ளைகள். பாடம் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று, திருத்தும் பேனாவும் ஒன்று. ஆனாலும் மாதிரித் தேர்வு முடிந்து இரண்டு கட்டுகளையும் கலந்து வைத்தால், பெயரைப் பார்க்காமலே எந்தத் தாள் எந்த வகுப்புடையது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். நாலைந்து தாள் மட்டும் ஒவ்வொரு முறையும் என்னை ஏமாற்றிவிடும். அந்த நாலைந்து தாளுக்காகவும்தான் இந்தக் கடிதம்.

மாலை வகுப்புத் தாள் ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறேன். மொத்தம் அறுபது கேள்வி. முதல் ஐம்பத்திரண்டில் நாற்பத்தைந்து சரி. கடைசி எட்டுக் கேள்விக்கான வட்டங்கள் வெள்ளையாகவே இருந்தன, பென்சில் நுனிகூடப் படவில்லை. நேரம் போதவில்லையா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். “நேரம் இருந்துச்சு சார். சரியாத் தெரியாமப் போட்டா மார்க்கைக் குறைப்பாங்கன்னு விட்டுட்டேன்” என்றாள். அந்தத் தேர்வில் நெகட்டிவ் மார்க் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றைக் கறுப்பாக்கியிருந்தாலும் எட்டுக்குச் சராசரியாக இரண்டு கிடைத்திருக்கும். விதிமுறையில் எழுதித்தானே இருக்கிறது என்பீர்கள். எழுதியிருக்கிறது, நாற்பது பக்கக் கையேட்டில் முப்பதாம் பக்கத்தைத் தாண்டி. பகல் வகுப்பில் முதல் நாள் முதல் பத்து நிமிடத்தில் நான் சொல்வதே இதைத்தான்: எதையும் காலியாக விட்டுவிட்டு வராதே. அவள் மாலை வகுப்பில் சேர்ந்தது பாதியில். அவளிடம் அதைச் சொல்லவில்லை என்பது தாளைத் திருத்தும்போதுதான் எனக்கே உறைத்தது.

பகலில் நான் விற்பதில் கணக்கு பாதிதான், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. மிச்சப் பாதி, தேர்வைப் பற்றிய விவரம். எந்தக் கேள்வியை முதலில் தொடவேண்டும், எதை விட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும், நாலு விடையில் எந்த இரண்டைப் படித்ததுமே அடித்துவிடலாம், ஒரு கேள்விக்கு எத்தனை விநாடிக்கு மேல் உட்காரக்கூடாது. பகல் வகுப்புப் பையன் உண்மையான தேர்வுக்குப் போகிறபோது அவனுக்கு அது இருபதாவது தேர்வு மாதிரி. மாலை வகுப்புப் பிள்ளைக்கு, தேர்வு அறை, கடிகாரம், கறுப்பாக்கும் வட்டம் எல்லாமே புதுசு. இருவருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தோம், அதனால் இது நியாயமான போட்டி என்று அறிவிப்பில் எழுதுகிறீர்கள்.

இதைப் புதிதாகக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, உங்கள் துறையின் மூத்தவர் ஒருவரே சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை வடிவமைத்த கார்ல் பிரிகம் 1923-ல் எழுதிய புத்தகத்தில், ராணுவத்தில் நடந்த அறிவுத்திறன் சோதனைகளை வைத்துக்கொண்டு இந்த இனம் உயர்ந்தது, அந்த இனம் தாழ்ந்தது என்று தீர்ப்பு எழுதியிருந்தார். 1926 ஜூன் 23-ல் முதல் எஸ்.ஏ.டி. நடந்தது, எழுதியவர்கள் எட்டாயிரம் பேர் சொச்சம். நாலே வருடத்தில், 1930-ல், தன்னுடைய பழைய முடிவுகள் அடிப்படையற்றவை என்று அவரே பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். பிற்பாடு எழுதி, அச்சேறாமல் போன கைப்பிரதி ஒன்றில், இந்த மதிப்பெண் என்பது பள்ளிப் படிப்பு, குடும்பப் பின்னணி, ஆங்கிலத்தோடு இருக்கும் பழக்கம், அப்புறம் தொடர்புள்ளது தொடர்பில்லாதது எல்லாம் சேர்ந்த கலவை என்கிற கருத்தைப் பதிவு செய்தார். தேர்வைச் செய்தவரின் வாக்குமூலம் அது. ஆனால் தேர்வு அவரைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. பெயரில் இருந்த ‘ஆப்டிட்யூட்’, அதாவது இயல்திறன், 1990-களில் ‘அசெஸ்மென்ட்’ ஆனது. அதற்கப்புறம் அந்த மூன்று எழுத்துக்கு விரிவே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எதை அளக்கிறோம் என்ற குழப்பம் பெயர்ப்பலகை வரை வந்திருக்கிறது.

சரி, எண்களுக்கு வருவோம். 1964-ன் குடிமை உரிமைச் சட்டம் கேட்டுக்கொண்டபடி, சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1966-ல் அறிக்கை வந்தபோது, பள்ளியில் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதைவிடப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதோடுதான் மதிப்பெண் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. ஆய்வைக் கேட்டவர்களே அதை எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அளந்துவிட்டார்கள். 2023-ல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் வருமான வரிக் கணக்குகளையும் தேர்வு மதிப்பெண்களையும் இணைத்துப் பார்த்தார்கள். எஸ்.ஏ.டி. அளவில் 1600-க்கு 1300 அல்லது அதற்கு மேல் எடுக்கும் வாய்ப்பு, வருமானத்தில் உச்சியில் இருக்கும் 1 சதவீத வீட்டுப் பிள்ளைகளுக்கு, அடிமட்ட 20 சதவீத வீட்டுப் பிள்ளைகளைவிட 13 மடங்கு. அடிமட்ட வீடுகளில் ஐந்தில் ஒரு பிள்ளைதான் தேர்வையே எழுதுகிறது என்பதும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

அமெரிக்கக் கதைதானே என்று தள்ளிவிட முடியாது. பதினைந்து வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடக்கும் பிசா தேர்வின் 2022 முடிவில், பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. கூட்டமைப்பின் சராசரியை எடுத்துக்கொண்டால், வசதியான கால்பகுதி மாணவர்களுக்கும் வசதியற்ற கால்பகுதி மாணவர்களுக்கும் கணிதத்தில் இடைவெளி 93 புள்ளி. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண் உண்டு: மாணவர்களுக்கு இடையிலான மொத்த வேறுபாட்டில் குடும்ப நிலை விளக்குவது சுமார் 15 சதவீதம்தான். உங்கள் ஆட்கள் கூட்டங்களில் இந்த இரண்டாவது எண்ணைத்தான் எடுத்து வைப்பார்கள். “மீதி 85 சதவீதம் பிள்ளையின் உழைப்பு, திறமை, பிறகென்ன புலம்பல்?” என்று கேட்பார்கள்.

இரண்டு எண்ணும் உண்மைதான். கணக்கு வாத்தியார் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

93 புள்ளி என்பது ஏறக்குறைய ஒரு திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகு. இரண்டு மணிவடிவ வளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள், நடுவில் ஒரு திட்ட விலக்க இடைவெளி விட்டு. வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாகவே படியும். வசதியற்ற பக்கத்தில் இருந்து எத்தனையோ பிள்ளைகள் வசதியான பக்கத்துப் பிள்ளைகளைத் தாண்டி நிற்பார்கள். என்னை ஏமாற்றும் நாலைந்து தாள் அங்கேதான் இருக்கிறது. இப்போது இரண்டு வளைவுக்கும் நடுமையத்தில் ஒரு கோடு கிழித்து, கோட்டைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். வசதியான பக்கத்தில் 69 சதவீதம், இந்தப் பக்கத்தில் 31 சதவீதம். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கோட்டையே இரண்டு திட்ட விலக்கம் வலப்பக்கம் நகர்த்துங்கள். அந்தப் பக்கம் 6.7 சதவீதம் மிஞ்சும், இந்தப் பக்கம் 0.6 சதவீதம். ஏறத்தாழ 11 மடங்கு! வளைவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பிள்ளைகளும் அவர்களேதான். நகர்ந்தது உங்கள் கோடு.

கட்-ஆஃப் வைக்கிறவர்கள் இதை ஒருமுறையாவது தங்கள் கையால் போட்டுப் பார்க்கவேண்டும். கட்-ஆஃபை உயர்த்தினால் ‘தரம்’ உயரும் என்கிறீர்கள். அதோடு கூடவே, உள்ளே வருகிறவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பங்கும் ஒரே பாய்ச்சலில் உயர்கிறது. 15 சதவீதம்தான் என்று நீங்கள் சொல்லும் அந்தச் சிறிய தொடர்பு, வளைவின் நுனிக்குப் போகும்போது 11 மடங்கு, 13 மடங்கு என்று பூதாகாரமாக வந்து நிற்கிறது. இத்தனைக்கும், ஒரே மாணவர் அடுத்த வாரம் எழுதினால் மதிப்பெண் சில புள்ளி மேலே கீழே போகும் என்று அளவீட்டுப் பிழைக் கணக்கை வெளியிடுவதே நீங்கள்தான். அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும் ஒன்றிரண்டு புள்ளிக்காகத்தான் ஒரு பிள்ளை உள்ளே, ஒரு பிள்ளை வெளியே.

“பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பிறவியிலேயே மூளை அதிகம், அதனால்தான் வீடும் பணக்கார வீடு” என்று வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. டீ குடிக்கும்போது சொல்வார்கள். அவர்களுக்காக ஓர் ஆய்வு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் சாவ் நால்வரும் செய்து 2013-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ஆய்வில் இருந்தவர்கள் தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்குப் பணம் வெட்டு முடிந்த பிறகு மொத்தமாக வரும், அதற்கு முந்தைய மாதங்களில் கை காய்ந்துபோயிருக்கும். வடிவங்களைக் காட்டி, விடுபட்ட வடிவம் எது என்று கேட்கும் ரேவன் சோதனையை ஒரே விவசாயிக்கு வெட்டுக்கு முன்பும் பின்பும் வைத்தார்கள். பணம் வந்த பிறகு அவர் இன்னும் நன்றாகச் செய்தார். ஆலைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கட்டிங் ஆர்டர் கொடுப்பதில்லை என்பதால், பருவகாலத்தின் விளைவையும் பணத்தின் விளைவையும் பிரித்துப் பார்க்கவும் முடிந்தது. புள்ளியியல் முறை பற்றி அப்புறம் விவாதங்கள் நடந்தன, நடக்கட்டும். ஆனால் ஒரே ஆள், ஒரே மூளை, இரண்டு மதிப்பெண் என்பதைப் பிறவிக் கோட்பாட்டுக்காரர்கள் எப்படி விளக்குவார்கள் என்று கேட்க ஆசை.

பிள்ளைகள் பக்கத்தில், கோர்டன் டால், லான்ஸ் லாக்னர் இருவரும் அமெரிக்காவில் உழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கான வரிச்சலுகை விரிவடைந்த காலத்தை ஆராய்ந்து 2012-ல் எழுதினார்கள். குடும்ப வருமானம் ஆயிரம் டாலர் கூடினால் கணிதம், வாசிப்பு இரண்டும் சேர்ந்த மதிப்பெண் ஒரு திட்ட விலக்கத்தில் 6 சதவீதம் கூடியது என்பது அவர்கள் கண்டது. சிறிய எண்தான், ஆனால் திசை தெளிவு.

எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2018-ல் தொடங்கிய ‘பேபிஸ் ஃபர்ஸ்ட் இயர்ஸ்’ ஆய்வில், வறுமையில் இருந்த ஆயிரம் தாய்மாரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் கொடுத்து வந்தார்கள். பிள்ளைகளுக்கு நாலு வயதானபோது மொழியிலோ அறிவு வளர்ச்சியிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் பதினேழு வருடம் பிள்ளைகளைப் பார்த்தவனுக்கு அது அவ்வளவு ஆச்சரியமும் இல்லை. வருமானம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒற்றைப் பொருளே கிடையாது. பல வருடங்களாகப் படிந்து வருவது அது: அமைதியாக உட்கார ஒரு மூலை, இரவில் தூக்கம், வீட்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நேரமுள்ள ஒரு பெரியவர், வீடு மாறாமல் ஒரே பள்ளியில் ஐந்து வருடம். மாதாமாதம் வரும் ஒரு காசோலை இத்தனையையும் நாலு வருடத்துக்குள் வாங்கிவிடாது போலிருக்கிறது.

சில சமயம் விஷயம் ரொம்பச் சின்னதாக இருக்கும். மாலை வகுப்பில் ஒரு பையன் எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று இரண்டு முறை திட்டியிருக்கிறேன். ஒருநாள் பலகையில் 3 எழுதினேன், அவன் 8 என்று படித்தான். அன்றைக்குத்தான் புரிந்தது. முதல் வரிசையில் இருந்துகூடப் பலகை தெரியாதவன் இத்தனை நாள் எப்படிக் கணக்குப் போட்டான் என்பதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் இலவசமாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஓராண்டில் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது, அதிலும் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குக் கூடுதலாக. இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. பிள்ளைகளிடம் கொடுத்த கண்ணாடி எத்தனை மாதம் தாங்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். உடைந்தால் மறுநாளே இன்னொன்று வாங்கிக்கொடுக்க முடிந்த வீடும் உண்டு, முடியாத வீடும் உண்டு.

வெயிலும் அப்படித்தான். ஜோஷுவா குட்மன், ஜிசுங் பார்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்காவில் எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. தேர்வை ஒருமுறைக்கு மேல் எழுதிய சுமார் ஒரு கோடி மாணவர்களின் மதிப்பெண்களை வெப்பநிலையோடு வைத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். ஏ.சி. இல்லாத பள்ளிகளில், அந்தக் கல்வியாண்டு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல் சூடாக இருந்தால் அந்த வருடக் கற்றலில் ஒரு சதவீதம் போய்விடுகிறது. ஏ.சி. உள்ள பள்ளியில் அந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. மதிப்பெண் பட்டியலில் அறையின் சூடு எங்கே எழுதியிருக்கிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் தேர்வையே தூக்கிவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். என் நண்பர்களில் பலருக்கு இந்த இடத்தில் என்மேல் கோபம் வரும். தேர்வை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று பார்க்கவேண்டும்: கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பாடம் சாராத சாதனைகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த 60,000 பேரின் கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணினி கொண்டு ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். கட்டுரையின் உள்ளடக்கத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் இருந்த தொடர்பு, எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் இருந்த தொடர்பைவிட வலுவானது. பகலில் சில பெற்றோர் என்னிடம் கட்டுரைக்கும் ஆள் கேட்கிறார்கள். நான் கணக்கு வாத்தியார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம், தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்று வைத்திருந்து பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திய நிபந்தனையை 2022-ல் திரும்பக் கொண்டுவந்தது. டார்ட்மத் கல்லூரி 2024-ல் கொண்டுவந்தபோது அவர்களுடைய பேராசிரியர்களே செய்த ஆய்வு சொன்ன காரணம் வேதனையானது: விருப்பமிருந்தால் மதிப்பெண் கொடு என்ற காலத்தில், பின்தங்கிய சூழலில் இருந்து விண்ணப்பித்த பிள்ளைகள் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையே போதாது என்று நினைத்து மறைத்துவிட்டார்கள். காலியாக விட்ட எட்டு வட்டம் மாதிரிதான் அதுவும்.

தேர்வை எல்லோரிடமும் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஊர்க்கதை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2007-ல், எஸ்.ஏ.டி. போலவே கல்லூரிச் சேர்க்கைக்கான ஏ.சி.டி. தேர்வை எல்லா மாணவருக்கும் அவரவர் பள்ளியிலேயே, பள்ளி நாளிலேயே, கட்டணமில்லாமல் வைத்தது. ஜோஷுவா ஹைமன் கணக்கெடுத்தார்: முன்பு தானாகப் போய் எழுதிக் கல்லூரிக்குத் தகுதியான மதிப்பெண் வாங்கிய ஒவ்வொரு 1000 ஏழை மாணவருக்கும், அதே அளவு வாங்கக்கூடிய இன்னும் 480 ஏழை மாணவர்கள் தேர்வே எழுதாமல் இருந்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவின் பிரோவர்டு மாவட்டத்தில் திறன்மிகு குழந்தைகளுக்கான சிறப்பு வகுப்புக்கு யாரைச் சோதிப்பது என்பது ஆசிரியர், பெற்றோர் பரிந்துரையில் இருந்தது. 2005-ல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு முதற்கட்டச் சோதனைக்கு உட்காரவைத்தார்கள். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளில் தேர்வானவர்களின் விகிதம் 180 சதவீதம் உயர்ந்தது என்று டேவிட் கார்டும் லாரா ஜியுலியானோவும் காட்டினார்கள். பணநெருக்கடி வந்து அந்தச் சோதனையை நிறுத்தியதும் நிலைமை பழையபடி ஆகிவிட்டது. கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள்! யாரும் பரிந்துரைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் கேட்பது தேர்வை எப்படி நடத்துகிறீர்கள், எப்படி வாசிக்கிறீர்கள் என்பதைப் பற்றி.

வாரியத்தாருக்கு முதலில். தேர்வு மையத்தைத் தேடிப் பிள்ளை போகவேண்டாம், தேர்வு பிள்ளையின் பள்ளிக்கு வரட்டும். செலவாகும்தான். கட்டணத்தில் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறீர்கள். அந்த விண்ணப்பத்துக்குச் சான்றிதழ், கையெழுத்து, நகல் என்று அலைவதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது; என் மாலை வகுப்பில் இப்படி வருடத்துக்கு ஒருவராவது தேர்வையே தவறவிடுகிறார்கள். இரண்டாவது, மறுமுறை எழுதுவது. திரும்ப எழுதினால் மதிப்பெண் ஏறும், வசதி குறைந்தவர்கள் திரும்ப எழுதுவது குறைவு. இரண்டையும் உங்கள் புள்ளிவிவரமே சொல்லும். பல முறை எழுதி, ஒவ்வொன்றிலும் சிறந்த பகுதியைப் பொறுக்கிச் சேர்த்துக் காட்டலாம் என்று ஒரு சலுகை வேறு கொடுக்கிறீர்கள். அதைக் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கான சலுகை என்று பெயர் மாற்றிவிடலாம். எல்லோருக்கும் இரண்டாவது முறை இலவசம் என்று ஆக்குங்கள், இல்லையென்றால் எத்தனையாவது முறை வாங்கிய மதிப்பெண் இது என்று பக்கத்தில் அச்சிடுங்கள்.

சேர்க்கைக் குழுவினருக்கு. மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். அந்தப் பள்ளியின் நடுநிலை மதிப்பெண்ணை, அதாவது பாதிப் பேர் மேலும் பாதிப் பேர் கீழும் நிற்கும் மதிப்பெண்ணை, பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நடுநிலையே 700 இருக்கும் பள்ளியில் 720 எடுத்தவரும், 480 இருக்கும் பள்ளியில் 690 எடுத்தவரும் உங்கள் தரவரிசையில் முப்பது புள்ளி தள்ளி நிற்கிறார்கள். இவர்களில் யார் அதிக தூரம் வந்தவர் என்று கேட்டால் என் வகுப்பில் கடைசி பெஞ்சுகூடச் சொல்லிவிடும். இந்தச் சூழலையும் ஒரு எண்ணாக மாற்றி மதிப்பெண்ணோடு கூட்டிவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். 2019-ல் எஸ்.ஏ.டி. நடத்தும் காலேஜ் போர்டு, பிள்ளையின் பள்ளி, வசிப்பிடம் பற்றிய விவரங்களை எல்லாம் சுருக்கி ஒற்றை எண்ணாக்கிக் கல்லூரிகளுக்குக் காட்டப்போவதாகச் சொன்னது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியாமல், மாணவருக்கும் காட்டாமல் வைத்ததில் எல்லாத் தரப்பிலும் எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களிலேயே ஒற்றை எண்ணைக் கைவிட்டுத் தனித்தனி விவரங்களாகத் தர ஒப்புக்கொண்டது. விவரத்தை விவரமாகவே வையுங்கள். படிப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், தெரியும். ஒரு பிள்ளையின் நாலு வருடத்தை முடிவு செய்கிற இடத்தில் பதினைந்து நிமிடம் செலவழிப்பது அதிகமாகப் படவில்லை எனக்கு.

இரு தரப்பாருக்கும் சேர்த்து ஒன்று. முடிவு வெளியிடும் நாளில் முதல் பத்து இடம் பிடித்தவர்களின் படத்தைப் போடுகிறீர்கள். அதே நாளில், அதே பக்கத்தில், எந்த வருமானப் பிரிவில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் உங்கள் கோட்டைத் தாண்டினார்கள் என்ற அட்டவணையையும் போடுங்கள். பெயர் வேண்டாம், எண்கள் போதும். வருடாவருடம் போட்டால், கோட்டை எங்கே கிழித்தால் என்ன ஆகிறது என்று ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இதற்குக் குழுவும் வேண்டாம், நிதியும் வேண்டாம். அடுத்த தேர்வுக்கான கையேடு அச்சுக்குப் போவதற்கு முன், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்பட மாட்டாது என்ற வரியை முப்பதாம் பக்கத்துக்கு அப்பாலிருந்து எடுத்து, கேள்வித்தாளின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ எட்டாம் வகுப்புல எழுதின ஸ்காலர்ஷிப் பரீட்சையிலயும் குறைக்க மாட்டாங்களா சார்?” என்று கேட்டாள். அதில் எத்தனை காலியாக விட்டாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதிரித் தேர்வில் அறுபது வட்டத்தையும் கறுப்பாக்கியிருந்தாள். கடைசி எட்டில் மூன்று சரி.

இப்படிக்கு,
இரண்டு வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர்